ஆபரேஷன் மேஜையில் ஒரு பாட்டு

சங்கரன்கோவில் பக்கம் ஒருவருக்கு ஆபரேஷன் தேதி குறித்துவிட்டால், வீட்டில் எழும் முதல் கேள்வி, "முழு மயக்கமா, முதுகுல ஊசியா?" என்பதுதான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். காதும் மனமும் விழித்தே இருக்கும். சிசேரியன், குடலிறக்கம், கால் எலும்பு முறிவு என்று பல ஆபரேஷன்கள் இப்படித்தான் நடக்கின்றன. கண்புரைக்காகத் திருநெல்வேலிக்குப் போகிறவர்களுக்கும் பெரும்பாலும் கண் மட்டும்தான் மரத்துப்போகும். முன்னால் ஒரு துணியைக் கட்டி மறைத்துவிடலாம். தட்டில் கத்தரி விழும் ஓசையையும், ரத்தத்தை உறிஞ்சும் குழாயின் இரைச்சலையும், டாக்டர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதையும் எந்தத் துணியாலும் மறைக்க முடியாது. பாதி கேட்ட ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மனம் என்னென்னவோ கற்பனை செய்துவிடும்.

அந்த நேரத்துப் பயம் உடம்பையும் பிடித்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்க, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன, மூச்சு மேலோட்டமாகிறது, கை கால் நடுங்குகிறது. தியேட்டர் வாசலில் பிரஷர் மிக அதிகமாக இருந்தால் ஆபரேஷனையே தள்ளிவைக்க நேரிடும். கண்ணில் கத்தி வைத்திருக்கும்போது தலை அசைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் மயக்க டாக்டர்கள் சிலருக்குப் பதற்றம் தணிக்கும் மருந்தைக் கொஞ்சம் கொடுக்கிறார்கள். அதற்கும் ஒரு விலை உண்டு. மூச்சு மந்தமாகலாம், முதியவர்களுக்குக் குழப்பம் வரலாம்.

இந்த இடத்தில்தான் பாட்டு உதவுகிறது. அது தியேட்டர் சத்தங்களை மூடி, கவனத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. மெதுவான தாளத்தைக் கேட்கக் கேட்க மூச்சும் நிதானப்படுகிறது. நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டுகள் கொண்ட இசையே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. அமைதியாக இருக்கும் மனிதரின் நாடி வேகமும் ஏறக்குறைய அதுதான்.

யோசனை பழையது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், கேன் என்ற சிற்றூரில் அறுவை மருத்துவராக இருந்த இவான் ஓநீல் கேன், ஆபரேஷன் அறையில் இசைத்தட்டுக் கருவியை ஓடவிடுவதன் பயனைப் பற்றி 1914-லேயே மருத்துவ இதழில் எழுதினார். நூறாண்டு கழித்து ஆதாரங்கள் குவிந்தன. 2013-ல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 26 ஆய்வுகளில் பங்கேற்ற 2,051 நோயாளிகளைக் கணக்கில் எடுத்தது. பதற்றத்துக்கு 20 முதல் 80 வரை மதிப்பெண் தரும் அளவுகோலில், ஆபரேஷனுக்கு முன் இசை கேட்டவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏறத்தாழ 6 புள்ளி கீழே இருந்தார்கள். 2015-ல் லான்செட் இதழில் வந்த தொகுப்பு 73 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. இசை கேட்டவர்களுக்குப் பதற்றம், ஆபரேஷனுக்குப் பிந்தைய வலி, வலி மருந்தின் தேவை மூன்றுமே குறைந்திருந்தன. ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்கள் மட்டும் குறையவில்லை.

முழு மயக்கத்தில் இருப்பவருக்கு இசை எதற்கு? டெல்லியில் மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியும் லோக் நாயக் மருத்துவமனையும் இதைத்தான் சோதித்துப் பார்த்தன. பித்தப்பையை லேப்ராஸ்கோப்பி மூலம் அகற்ற வந்த 56 பேரையும் ஒரே முறையில் மயக்கினார்கள். எல்லோர் காதிலும் ஹெட்போன். பாதிப் பேருக்கு மட்டும் மெல்லிய புல்லாங்குழல் அல்லது பியானோ இசை. இசை கேட்டவர்களுக்கு மயக்க மருந்து குறைவாகத் தேவைப்பட்டது, விழித்தெழுவதும் சிரமமில்லாமல் இருந்தது. 56 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் ஓர் அரசு மருத்துவமனையில் இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள் என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது 2019-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு. நரம்பு மரப்பு ஊசி போடும் முன் 157 பேரில் ஒரு பகுதியினருக்கு மிடாசொலாம் என்ற பதற்றத் தணிப்பு மருந்தும், மற்றவர்களுக்கு ஆய்வாளர்களே தேர்ந்தெடுத்த ஓர் இசைத் துண்டும் கொடுக்கப்பட்டன. பதற்றம் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. ஆனால் இசை கேட்டவர்களுக்குத் திருப்தி சற்றுக் குறைவு. தாங்கள் விரும்பிய பாட்டைக் கேட்க வழியில்லாதது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே கருதினார்கள். சத்தம் மறைக்கும் ஹெட்போனை மாட்டியிருந்ததால் டாக்டரோடு பேசுவதும் கடினமாக இருந்தது.

ஆகவே எந்த ராகம் எந்த நோய்க்கு என்று பட்டியல் தேடி அலைய வேண்டாம். தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் சித்த வைத்தியர், 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரும் இசை நூலை வெளியிட்டவர். மருத்துவமும் இசையும் ஒரே மனிதரிடம் குடியிருந்த மண் இது. அந்தப் பெருமை வேறு, குறிப்பிட்ட ஒரு ராகம் ஆபரேஷன் பயத்தைப் போக்கும் என்று நிரூபிப்பது வேறு. இரண்டாவதற்கு உறுதியான சான்று இல்லை. படுத்திருப்பவருக்குப் பிடித்ததுதான் அவருக்கான இசை. ஒருவருக்குச் சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாடல், இன்னொருவருக்கு நாகூர் ஹனிபா, மற்றொருவருக்குத் தேவாலயப் பாட்டு, பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு இளையராஜா. அழவைக்கும் பாட்டையும், வீட்டில் நடந்த ஒரு சாவை நினைவூட்டும் பாட்டையும் தவிர்த்துவிடுங்கள். பாட்டே வேண்டாம் என்பவரை வற்புறுத்தாதீர்கள்.

செய்யும் முறை எளிது. முந்தின நாளே மயக்க டாக்டரிடம் அனுமதி கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு வேண்டிய பாட்டுகளை, நடுவில் விளம்பரம் குறுக்கிடாதபடி, போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். போனைத் தியேட்டருக்குள் அனுமதிக்காவிட்டாலும் பரவாயில்லை, வெளியே பெஞ்சில் காத்திருக்கும் நேரத்தில்தான் பயம் அதிகம். அங்கே கேட்டாலே பலன் உண்டு. சத்தம், சாதாரணப் பேச்சின் அளவுக்கு மேல் வேண்டாம். விழித்திருக்கும் நோயாளிக்கு ஒரு காதில் மட்டும் மாட்டினால், "அசையாம இருங்க" என்று டாக்டர் சொல்வது கேட்கும்.

அறை முழுக்க ஸ்பீக்கரில் பாட்டு வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியின் பீப் ஓசை, ஆக்சிஜன் குறையக் குறையச் சுருதி இறங்கி ஒலிக்கும். மயக்க டாக்டர் திரையைப் பார்க்காதபோதும் அந்த ஓசையைக் காதால் கவனித்துக்கொண்டே இருக்கிறார். அதைப் பாட்டு அமுக்கிவிடக் கூடாது.

சங்கரன்கோவிலுக்கென்று இன்னொன்றும் சொல்ல வேண்டும். விசைத்தறிச் சத்தத்தில் பல வருஷம் வேலை பார்த்தவர்களுக்குக் காது மந்தமாகியிருப்பது உண்டு. அவர்கள் கூச்சப்படாமல் நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காது மெஷின் வைத்திருந்தால், மயக்கம் கொடுக்கும் வரை அதைக் கழற்றாமல் இருக்கலாமா என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.