ஃபில்டர் போட்டாச்சு என்று நம்பிவிடாதீர்கள்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் பலகாரக் கடை முதல் நகைக்கடை வரை இணையத்திலும் ஆர்டர் எடுக்கிறார்கள். வாடிக்கையாளரின் பெயர், கைத்தொலைபேசி எண், வீட்டு முகவரி எல்லாம் தளத்தின் அட்மின் பக்கத்தில் வரிசையாக நிற்கும். “லாகின் இல்லாமல் யாரும் நுழைய முடியாது” என்று தளத்தைச் செய்தவர் சொல்லியிருப்பார். ஆனால் அந்தப் பக்கத்தின் இணைய முகவரியை உலாவியில் நேரே தட்டினால் பக்கம் திறந்துகொள்ளும். இதை அடிக்கடி பார்க்கிறேன், கேட்டால், “ஃபில்டர் போட்டிருக்கே!” என்பதுதான் பதில். பக்கம் திறக்குமுன் வருபவர் லாகின் செய்திருக்கிறாரா என்று பார்க்கும் நிரல்தான் ஃபில்டர்.

ஜாவா தளமென்றால், முதலில் பார்க்க வேண்டியது அந்த ஃபில்டரின் யூஆர்எல் மேப்பிங். “/அட்மின்/*” என்று எழுத வேண்டிய இடத்தில் சாய்கோட்டை விட்டு “/அட்மின்*” என்று எழுதினால், டாம்கேட் சர்வர் “சந்தேகத்துக்குரிய வடிவம்” என்று லாகில் ஒரு வரி எழுதிவிட்டு ஓடிக்கொண்டிருக்கும். உள்பக்கம் எதற்கும் காவல் இராது. செயலி “/கடை” என்ற பெயரில் நிறுவப்பட்டிருந்தால் அந்தப் பெயரை மேப்பிங்கில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் எதுவும் பொருந்தாது. ஃபார்வர்டு ஆகும் பக்கங்களுக்கும் ஃபில்டர் வேண்டுமென்றால் டிஸ்பாட்சரில் தனியாகக் குறிப்பிட வேண்டும். ஸ்பிரிங் பூட்டில் வெப்ஃபில்டர் குறிப்பு மட்டும் போதாது. சர்வ்லெட் காம்பொனென்ட் ஸ்கேனும் வேண்டும். டாம்கேட் 10க்கு மாறியவர்கள் பேக்கேஜ் பெயரில் ஜாவாஎக்ஸ் என்பதை ஜகார்த்தா என்று மாற்றினார்களா என்றும் பார்க்கட்டும்.

ஃபில்டரின் முதல் வரியிலேயே வந்த முகவரியை லாகில் எழுதச் சொல்லுங்கள். லாகின் செய்யாத உலாவியில் ஒவ்வொரு அட்மின் பக்கத்தையும் தட்டுங்கள். லாகில் அந்த முகவரி வராவிட்டால் ஃபில்டர் ஓடவே இல்லை. திருத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். 2019 ஆகஸ்ட் 30 அன்று கிராப் நிறுவனம் யூஆர்எல் ஓட்டையை அடைக்கவே செயலியைப் புதுப்பித்தது. அந்தப் புதுப்பிப்பில் கேஷிங்கைக் (தற்காலிகச் சேமிப்பை) கவனிக்காததால் கிராப்ஹிட்ச் என்ற அதன் பகிர்பயணச் சேவையின் 21,541 பயனர்களின் தகவல் வெளிப்படும் நிலை வந்தது. அபராதம் 10,000 வெள்ளி.

“வெண்டர் பார்த்துக்கொள்வார்” என்ற பேச்சு சட்டத்தின்முன் எடுபடாது. வாடிக்கையாளர் தகவலுக்குக் கடையே பொறுப்பு. தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்து, நிறுவனப் பதிவு ஆணையமான ஆக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் பதியுங்கள். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தாலோ, பெருந்தீங்கு நேரக்கூடிய தகவல் கசிந்தாலோ, அது அறிவிக்க வேண்டிய கசிவு என்று தெரிந்ததிலிருந்து 3 நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்கு, அதாவது பிடிபிசிக்கு, அறிவிக்க வேண்டும். சனி, ஞாயிறும் கணக்கில் சேரும்.

வாடிக்கையாளர்களே, உங்கள் தகவல் வெளியே கிடப்பதைக் கண்டால் முகநூலில் போடாதீர்கள். இன்னும் நாலு பேர் போய்ப் பார்ப்பார்கள். தேதியும் நேரமும் தெரியும்படி திரையைப் படமெடுத்து, கடையின் தகவல் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். பதிலில்லையா? பிடிபிசி இணையத்தளத்தில் புகார் கொடுங்கள்.

கடைக்காரர்களே, மறுபடியும் சொல்கிறேன்: லாகின் செய்யாமல் தட்டிப் பாருங்கள். வெண்டரின் கடைசி பில்லுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே பாருங்கள்.