ஊவாத் தோட்டங்களும் வினைத்திறன் அளவீடும்

1972, 1975 ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசுடைமையான தோட்டங்கள், 1992இல் முகாமை தனியார் கம்பனிகளிடம் செல்லும்வரை, பெரும்பாலும் இரு அரச நிறுவனங்களின் கீழ் இயங்கின. அவற்றின் வினைத்திறனை ஹெக்டேயருக்கு எத்தனை கிலோ தேயிலை என்பதைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவதை நாம் ஏற்கவியலாது.

தென்மேற்குப் பருவமழை மத்திய மலைத்தொடரின் மறுபுறத்திலேயே பொழிந்துவிட, பதுளை, பசறைப் பகுதிகளுக்கு வந்து சேர்வது வறண்ட கச்சான் காற்றே. யூலை முதல் செப்தெம்பர் வரை கொழுந்து குறையும், வாசனை மிகும், கொழும்பு ஏலத்தில் விலையும் ஏறும். கிலோவை மட்டும் எண்ணுவோர்க்கு இது வீழ்ச்சி. பசறையைக் காலியின் தாழ்நிலத் தோட்டத்துடன் ஒப்பிடுவது நிலத்தை அளப்பதேயன்றி முகாமையை அளப்பதன்று.

1986இல் பாங்கர், மோரி என்னும் ஆய்வாளர்கள் இதற்கொரு வழி கூறினர்: முகாமையாளரால் மாற்றவியலாத உள்ளீடுகளை நிலையானவையாகக் கொண்டு, ஏனையவற்றில் நேரும் விரயத்தை மட்டும் அளத்தல்.

ஆனால் மாற்றவியலாதவை எவை? மழை தோட்டத்துரையின் கையில் இல்லை. முதிர்ந்த விதைத்தேயிலைச் செடிகளும் அவர் கையில் இல்லை. எனினும் மீள்நடுகைக்கு நிதி ஒதுக்குவது மேலிடத்தின் பொறுப்பு. இரண்டையும் ஒன்றாகக் கழித்துவிட்டால் துரையுடன் மேலிடமும் தப்பிவிடும். எஞ்சும் பழி கொழுந்து பறிப்பவர்மீதே விழும். நிறை குறைந்தால் அவருக்கு ‘அரைப்பேர்’. (துரைக்குக் கழிக்கப்படும் வறட்சி அவருக்கும் கழிக்கப்படவேண்டுமென யாரும் வாதிடுவது அரிது.)

எனவே தோட்டத்துக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று என இரு கணக்குகள் வேண்டுமென்பது எம் கருத்து. செடியின் வயது முதலாவதில் நிலையான காரணி, இரண்டாவதில் அன்று.