பாதிக் கர்ப்பத்தில் தாயும் சேயும்

கர்ப்பத்தின் 20ஆம் வாரத்தில் கருப்பையின் மேல்விளிம்பு தாயின் தொப்புள் மட்டத்தை எட்டிவிட, ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள சிசுவின் அசைவைத் தலைப்பிள்ளைக்காரிகள் பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான் முதன்முதலாக உணர்கின்றனர்; நஞ்சுக்கொடி கருப்பையின் முன்சுவரில் ஒட்டியிருப்பின் அவ்வுணர்வு சற்றுத் தாமதமாவதும் இயல்பே.

இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா, சிவப்பணுக்களைவிட விரைந்து பெருகுவதால் ஹீமோகுளோபின் அளவு இறங்குகிறது. அபிராமபுரத்து வீடுகளில் பாட்டிமார் பரிவோடு நீட்டும் குங்குமப்பூப் பால் சிசுவின் நிறத்தை மாற்றுவதுமில்லை, மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரைக்கு ஈடாவதுமில்லை.

சிசுவின் இதயம், முதுகெலும்பு, மூளை ஆகியவற்றின் அமைப்பை ஆராயும் 'அனாமலி ஸ்கேன்', தனியார் மையங்களில் மட்டுமன்றி 1844 முதல் இயங்கிவரும் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை போன்ற அரசு நிலையங்களிலும் செய்யப்படுகிறது. அப்போது சிசுவின் பாலினத்தைக் கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாகும்.