செயலி போய்விட்டது, கடிதம் ஏன் வருகிறது?

மாணவர்களே! வினாடி வினாப் பயிற்சிக்காக ஒரு செயலியைக் கைப்பேசியில் இறக்கினீர்கள். நான்கு நாட்கள் பயன்படுத்தினீர்கள். சலித்துப்போய் நீக்கிவிட்டீர்கள். ஓர் ஆண்டு கழிந்த பின்னும், "உங்களைக் காணோமே, திரும்பி வாருங்கள்!" என்று மின்னஞ்சல் வந்துகொண்டே இருக்கிறது. எரிச்சலாக இருக்கிறது அல்லவா? நீக்கிவிட்ட செயலி எப்படிக் கடிதம் எழுதுகிறது?

கடிதம் எழுதுவது செயலி அன்று. அதை நடத்தும் நிறுவனத்தின் கணினி. நீங்கள் பதிவு செய்த அன்றே உங்கள் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் அக்கணினியின் அட்டவணையில் ஒரு வரியாக ஏறிவிட்டன. செயலியை நீக்கினால் கைப்பேசியில் இடம் காலியாகும். அந்த வரி அழியாது. நூலக அட்டையைக் கிழித்தெறிந்தால் பதிவேட்டில் உள்ள பெயர் மறைந்துவிடுமா? அதுபோலத்தான் இதுவும்.

இத்தொல்லை புதிதன்று. 1978 மே 3 அன்று அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பில், கணினி விற்பனையாளர் ஒருவர் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். பலர் கண்டித்தனர். ஆனாலும் வழக்கம் நிற்கவில்லை. காரணம் செலவுக் கணக்கு. தபாலில் ஆயிரம் கடிதத்துக்கு ஆயிரம் அஞ்சல்தலை வேண்டும். மின்னஞ்சலில் ஆயிரத்தோராவது கடிதத்துக்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆகவே, பழைய பெயர்களை நீக்க அனுப்புபவருக்கு அவசரமில்லை.

கடிதத்தை நிறுத்த வழி உண்டா? உண்டு. கடிதத்தின் அடியில் 'அன்சப்ஸ்கிரைப்' என்ற சொல் இருக்கும். அதை அழுத்தினால், இனி அனுப்ப வேண்டாம் என்ற செய்தி அக்கணினிக்குப் போகும். நாளொன்றுக்கு 5000-க்கு மேல் விளம்பரக் கடிதங்களை ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர், ஒரே அழுத்தத்தில் விலகும் வசதி தரவேண்டும் என்ற கூகுளின் விதி 2024-இல் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விலகினால் கடிதம் நிற்கும். அட்டவணையில் உங்கள் வரி அப்படியே இருக்கும்! அந்நிறுவனத்தின் தரவுகள் என்றாவது திருடப்பட்டால், உங்கள் முகவரியும் சேர்ந்தே போகும். அதே கடவுச்சொல்லை வேறிடத்திலும் வைத்திருந்தால் ஆபத்து இரு மடங்கு.

ஆகவே, முதலில் செயலிக்குள் சென்று 'கணக்கை நீக்கு' என்பதைத் தேடி அழுத்துங்கள். சட்டத்துக்காக வைத்திருக்க வேண்டிய குறிப்புகள் தவிர, மற்றவை அழிக்கப்பட வேண்டும். அதன் பிறகே செயலியை நீக்குங்கள். செயலி முன்பே போய்விட்டதா? அதன் இணையதளத்திலும் இவ்வசதி உண்டா என்று பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை! நீங்கள் ஒருபோதும் பதிவு செய்யாத இடத்திலிருந்து கடிதம் வந்தால், அதிலுள்ள எதையும் அழுத்தாதீர்கள். அழுத்தினால், "இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்" என்று நீங்களே சொல்லிக் கொடுத்தது போலாகும். 'ஸ்பேம்' என்று குறித்து ஒதுக்கிவிடுங்கள்.

இன்றே உங்கள் அஞ்சல் பெட்டியைத் திறந்து பாருங்கள். எத்தனை பதிவேடுகளில் உங்கள் பெயர் இன்னும் இருக்கிறது?