உதிரும் உரோமமும் உடன் வாழும் நாயும்

வெளுத்து உடுத்திய சேலையில் நாய் உரோமம், உணவுத் தட்டில் நாய் உரோமம், குழந்தையின் படுக்கையில் நாய் உரோமம் என்று இல்லத்தரசியர் குறைகூறக் கேளாத நாய் வளர்ப்போர் நம்மிடையே அரியர். கேட்பதற்குச் சிறிய குறையே. ஆயினும் பல வீடுகளில் ஒரு நாய் இருப்பதா, தெருவுக்குப் போவதா என்பதை முடிவு செய்வது இந்தச் சிறிய குறைதான். குட்டியாக இருந்தபோது மடியில் வைத்துக் கொஞ்சப்பட்ட விலங்கு, வளர்ந்து உரோமம் கொட்டத் தொடங்கியதும் முதலில் திண்ணைக்கும், பிறகு விறகுக் கொட்டகைக்கும், இறுதியில் தேயிலைத் தோட்டச் சாலைக்கும் அனுப்பப்படுவதை நாம் காண்கிறோம். ஆதலின் இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சிந்திப்பது நலம்.

உரோமம் ஏன் உதிர்கிறது?

நாயின் ஒவ்வோர் உரோமத்துக்கும் ஒரு வாழ்நாள் உண்டு. சில காலம் வளர்கிறது. பிறகு வளர்ச்சி நின்று ஓய்வு கொள்கிறது. அடியிலிருந்து புதிய உரோமம் முளைக்கும்போது பழையது உதிர்ந்து விழுகிறது. இது இயற்கையின் ஒழுங்கு, நோயன்று.

அல்சேஷன், லாப்ரடார், பொமரேனியன் முதலிய இனங்களுக்கு ஈரடுக்கு உரோமம் உண்டு. மேலே நீண்டு முரடாக இருப்பது மழையையும் வெயிலையும் தடுக்கும். அதன் அடியில் பஞ்சுபோல் அடர்ந்திருப்பது குளிரைத் தாங்கும். வீட்டில் உருண்டு திரியும் உரோமப் பந்துகள் பெரும்பாலும் இந்த உள் உரோமமே. நம் நாட்டு இனங்களாகிய இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றுக்கு உரோமம் குட்டையானது. உள் உரோமம் மிகக் குறைவு. அவையும் உதிர்ப்பவையே, எனினும் வீடு நிறைய அன்று.

குளிர்நாடுகளில் நாய்கள் ஆண்டுக்கு இருமுறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், மொத்தமாக உரோமம் மாற்றுகின்றன. பகற்பொழுது நீளுவதும் குறுகுவதுமே உடலுக்கு அதற்கான குறிப்பைத் தருகிறது. இலண்டன் நகரில் ஜூன் மாதத்துப் பகல் பதினாறு மணி நேரத்துக்கு மேல். டிசம்பரில் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. நம் கூடலூரிலோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அதனால் இங்கே வாழும் அல்சேஷனுக்குக் குறிப்புத் தெளிவாகக் கிடைப்பதில்லை. இரவிலும் விளக்கெரியும் வீட்டுக்குள்ளேயே இருந்தால் இன்னும் குழப்பம். ஆகவே அது ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. நாயின் மீது இதில் குற்றம் ஏதுமில்லை.

மழையும் ஈரமும்

உதகையின் உலர்ந்த குளிர் வேறு. கூடலூரின் ஈரம் வேறு. மலையின் மேற்குச் சரிவில் அமைந்திருப்பதால் தென்மேற்குப் பருவமழை நம்மை நேராகத் தாக்குகிறது. அருகிலுள்ள தேவாலா தமிழ்நாட்டிலேயே மிகுதியான மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஜூன் முதல் வாரக்கணக்கில் வெயில் காணாத இந்தக் காலத்தில் நாயின் உள் உரோமம் உலர்வதே இல்லை. மேலே தொட்டால் உலர்ந்ததுபோல் தோன்றும். விரலை உள்ளே விட்டால் ஈரம் புலப்படும். இந்த ஈரத்தில் பூஞ்சணமும் கிருமிகளும் பெருகுகின்றன. தோல் சிவக்கிறது, நாற்றம் எடுக்கிறது, நாய் சொறிகிறது, உரோமம் மேலும் கொட்டுகிறது. தேயிலைச் செடிகளுக்கிடையிலும் புல்வெளியிலும் சுற்றிவரும் நாய்களுக்கு உண்ணியும் அட்டையும் வேறு.

இயல்பா, நோயா?

இதைப் பிரித்தறிவதற்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை. கண்ணும் கையும் போதும். உடல் முழுவதும் ஒரே சீராக உதிர்ந்து, அடியில் தோல் தூய்மையாக இருந்து, நாய் உண்டு விளையாடிக்கொண்டிருந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. குட்டி ஈன்ற தாய்நாய் சில வாரங்களில் உரோமம் கொட்டி மெலிந்த தோற்றம் பெறுவதும் பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

மாறாக, திட்டுத்திட்டாக உதிர்தல், ஓயாத அரிப்பு, பொருக்கு, புண், துர்நாற்றம் ஆகியவை நோயின் அடையாளங்கள். இவற்றுள் சிலவகைச் சொறியும் வட்டப் படையும் நாயிடமிருந்து மனிதருக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கும், தொற்றக் கூடியவை. நடுவயது நாய் அரிப்பே இல்லாமல் இருபக்கமும் ஒத்தாற்போல் உரோமம் இழந்து, உடல் பருத்து, சோர்ந்து கிடந்தால் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி குறைவாக வேலை செய்யக்கூடும். உரோமம் உதிர்வதோடு அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தலும், வயிறு தொங்குதலும் காணப்பட்டால் வேறொரு சுரப்பிக் கோளாறாக இருக்கலாம். இவற்றையெல்லாம் கால்நடை மருத்துவரே கண்டறிந்து மருந்து தர வேண்டும்.

சீப்பும் குளியலும்

நாள்தோறும் பத்து நிமிடம் சீவிவிடுவதற்கு ஈடான மருந்து இல்லை. தரையிலும் துணியிலும் விழவிருந்த உரோமம் சீப்பிலேயே தங்கிவிடுகிறது. குட்டை உரோமத்துக்கு ரப்பர்ப் பற்கள் கொண்ட கையுறை போதும். அடர்ந்த உரோமத்துக்கு நீண்ட பற்களுள்ள உலோகச் சீப்பு வேண்டும். வீட்டுக்கு வெளியே, உரோமம் படிந்திருக்கும் திசையிலேயே, மெதுவாகச் சீவுக. காதுக்குப் பின்புறமும், தொடையிலும், வாலடியிலும் சிக்கு விழும். அவ்விடங்களைச் சீவும்போதே உண்ணி இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். உண்ணியைக் கண்டால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். தீக்குச்சியால் சுடுவதும், விரலால் நசுக்குவதும் கூடா.

குளிப்பாட்டல் மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை போதும். நாயின் தோல் மனிதத் தோலைப் போல் அமிலத்தன்மை உடையதன்று. ஆதலால் நம் சோப்பு அதற்கு ஒவ்வாது. துணிச் சோப்போ கொடிது. நாய்க்கென்று விற்கும் ஷாம்பூவையே பயன்படுத்தி, நன்றாக அலசி, உள் உரோமம் வரை துணியால் ஒற்றி உலர்த்துக. உலர்த்தாத குளியல் குளிப்பாட்டாமையினும் கேடு தரும்.

கோடையில் உரோமத்தை மழித்துவிட்டால் தொல்லை தீரும் என்பது தவறான எண்ணம். ஈரடுக்கு உரோமத்தை மழித்தால் சில நாய்களுக்கு அது மீண்டும் சரிவர வளர்வதில்லை. மேல் உரோமம் தரும் பாதுகாப்பும் போய்விடுகிறது.

இதைவிடக் கொடியது, சொறி பிடித்த நாயின் உடம்பில் மண்ணெண்ணெயையும் வண்டியின் பழைய எஞ்சின் எண்ணெயையும் பூசும் வழக்கம். தோல் வெந்துபோவதோடு, நாய் தன் உடலை நக்கும்போது நஞ்சு உள்ளேயும் செல்கிறது. மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தை அளவறியாமல் நாய்க்கு ஊற்றுவதும் உயிருக்கு ஆபத்தானது.

உணவும் இல்லமும்

உரோமம் ஏறக்குறைய முழுவதும் புரதத்தால் ஆனது. வெறும் சோறும் தேநீரில் நனைத்த ரொட்டியும் மட்டுமே உண்ணும் நாய்க்கு உரோமம் பொலிவின்றி உதிர்வதில் வியப்பென்ன? வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன், சிறிது இறைச்சி ஆகியவற்றைச் சோற்றோடு கலந்து தருக. வெங்காயம் இட்ட குழம்பை ஊற்றாதீர்கள்; வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். வேகவைத்த எலும்பும் சிதறிக் குடலைக் கிழிக்கக்கூடும்.

இல்லத்தில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். ஒவ்வாமையைத் தூண்டுவது உரோமம் அன்று. நாயின் உமிழ்நீரிலும் தோற்செதிலிலும் உள்ள புரதமே. உதிரும் உரோமம் அதைச் சுமந்து செல்கிறது. எனவே நாயைப் படுக்கையறையில் விடலாகாது. சீவும் பணியை ஒவ்வாமை இல்லாதவரே செய்ய வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் தூசி கிளப்பாமல் ஈரத் துணியால் தரையைத் துடைக்க வேண்டும். நாயின் விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைக்க வேண்டும். அப்படியும் குழந்தைக்கு மூச்சுத் திணறினால் மருத்துவரைக் கலந்து, நாயை அன்போடு ஏற்கும் வேறொரு வீட்டைத் தேடித் தருவதே முறை.

விரட்டுவது தீர்வாகாது

தேடித் தருவது வேறு. தெருவில் விடுவது வேறு. நம் ஊர் காட்டின் விளிம்பில் இருக்கிறது. இங்கே ஆதரவற்ற நாய் சிறுத்தைக்கு எளிய இரை. நாயைத் தேடி வரும் சிறுத்தை குழந்தைகள் விளையாடும் லயன் வீடுகளின் வாசலுக்கும் வருகிறது. பட்டினி கிடக்கும் நாய்கள் கூட்டமாகச் சேர்ந்து மான்களைத் துரத்துகின்றன. தடுப்பூசி இல்லாத நாய் வெறிநோய்க்கு இரையாகி, மனிதரையும் மாட்டையும் கடிக்கிறது. கசௌலியில் 1900இல் பாஸ்டர் நிலையம் ஏற்பட்ட பின்னும், நாய்க்கடிபட்ட நம் மலைவாசிகள் இமயமலை அடிவாரம் வரை செல்ல வேண்டியிருந்தது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றிய பின்னரே அந்த அவலம் நீங்கியது. நோயின் கொடுமையை நம் மாவட்டம் நன்கறியும்.

சட்டமும் இதைப் பொறுத்துக்கொள்வதில்லை. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960, பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது.

ஆகவே குட்டியை வாங்குமுன் சிந்திப்போம். கோடையில் உதகையில் நடக்கும் நாய்க் கண்காட்சியில் அடர்ந்த உரோமமுள்ள நாயைக் கண்டு மயங்குவது எளிது. ஆனால் அதே உரோமத்தைக் கூடலூரின் மழைக்காலத்தில் நாள்தோறும் சீவி உலர்த்த நம் வீட்டில் யாருக்கு நேரமுண்டு என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். நேரமில்லையெனில் குட்டை உரோமமுள்ள நாட்டு நாயே நமக்கு ஏற்றது. ஏற்கெனவே வாங்கிவிட்டோமெனில், சீப்பை எடுத்துக் குழந்தைகளின் கையில் கொடுப்போம். தம்மை நம்பி வாழும் உயிரைப் பேணும் பழக்கத்தை, மாலையில் பத்து நிமிடத்தில், செலவின்றி அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.