சுகர், பி.பி. நோயாளிகளுக்கு செல்போனில் மனப்பயிற்சி: மாத்திரையை நிறுத்தலாமா?

பூந்தமல்லி:

கரையான்சாவடி, குமணன்சாவடி பக்கம் கம்பெனி வேலைக்கு போகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர் என்று யாரைக் கேட்டாலும் சுகர், பி.பி., இல்லாவிட்டால் முதுகுவலி. இவர்களைக் குறிவைத்து செல்போனில் 'மைண்ட்புல்னஸ்' என்ற மனப்பயிற்சி வகுப்புகள் வருகின்றன. சிலது இலவசம். சிலது காசு. சேரலாமா?

சரக்கு புதுசு இல்லை. 1979-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் என்பவர் தொடங்கியது. வைத்தியம் பார்த்தும் தீராத வலியோடு வந்தவர்களுக்கு 8 வார வகுப்பு. புத்தர் வழி தியானத்தில் இருந்து எடுத்ததுதான். ஆனால் சாமி, மந்திரம் கிடையாது. இந்த 8 வார பாடத்தை 'பலூஸ் மைண்ட்புல்னஸ்' இணையதளம் காசு வாங்காமலே ஆங்கிலத்தில் தருகிறது.

செய்வது இவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு போய் வருவதை கவனிக்க வேண்டும். மனசு வாடகை, வட்டி என்று ஓடும். ஓடட்டும். திட்டாமல் மறுபடி மூச்சுக்கு கூட்டி வர வேண்டும். படுத்தபடி கால் விரலில் இருந்து தலை வரை ஒவ்வொரு இடமாக கவனிப்பது இன்னொரு பயிற்சி.

இதில் வலி எப்படி குறையும்? முதுகு வலிக்கும்போது, "ஐயோ, நாளைக்கு வேலைக்கு எப்படி போறது" என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. பயத்தில் தசை இறுகுது, தூக்கம் கெடுது, வலி இரட்டிப்பாகுது. பயிற்சி பிடித்து இழுப்பது அந்த பயத்தைத்தான். நாள்பட்ட முதுகுவலிக்கு மருந்துக்கு முன்பே முயன்று பார்க்கும் வழிகளில் இதையும் சேர்த்து 2017-ல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி பரிந்துரை செய்தது.

சுகர், பி.பி. கதை வேறு. அதே 2017-ல் அமெரிக்க இதய சங்கம், தியானத்தை வழக்கமான சிகிச்சையோடு கூட வைத்துக்கொள்ளலாம் என்ற அளவில்தான் சொன்னது. மாத்திரைக்கு பதில் இல்லை. 'மருந்தே வேண்டாம்' என்று யாராவது பணம் கேட்டால் அந்த வகுப்பை அப்போதே மூடிவிடலாம். மாத்திரையை நிறுத்தினால் பி.பி. சத்தம் போடாமல் ஏறும், ஒருநாள் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும். நெஞ்சுவலி வந்தால் மூச்சை கவனித்து உட்காரக்கூடாது, 108-க்கு போன் போட வேண்டும்.

கண்ணை மூடினால் பழைய துக்கம் கிளம்பி படபடப்பு வருகிறவர்களும் உண்டு. அவர்கள் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்வது நல்லது. மனசு விட்டுப் பேச மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. எண் 14416. 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. டேட்டாவும் தேவையில்லை, பட்டன் போன் போதும்.