சர்வே நம்பரும் விலாசமும்

ஈ.சி.ஆரில் கோவளம் தாண்டிப் போனால் நெம்மேலி. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இருக்கிற ஊர். இங்கே நாற்பது வருஷமாக ஒரே வீட்டில் இருப்பவரை நினைத்துக்கொள்வோம். 1997-க்கு முன் அவர் விலாசத்தில் செங்கல்பட்டு மாவட்டம், பிறகு காஞ்சிபுரம், 2019 நவம்பர் முதல் மறுபடி செங்கல்பட்டு. வீடு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. கம்ப்யூட்டர் ஃபைல்களின் விலாசத்தைப் புரிந்துகொள்ள இது நமக்கு உதவும்.

எந்த ப்ரோகிராம் எந்த ஃபைலைத் திறக்கிறது என்று ஒரு பள்ளியின் லினக்ஸ் கம்ப்யூட்டரில் காவல் வைக்கிறோம். (அரசு கொடுத்த மடிக்கணினிகளில் சென்னை சி-டாக்கின் ‘பாஸ்’ என்று வந்ததும் லினக்ஸ்தான்.) பதிவேட்டில் ‘மதிப்பெண் திறக்கப்பட்டது’ என்று ஒரு வரி. வகுப்புக்கு ஒரு ஃபோல்டர், ஒவ்வொன்றிலும் ‘மதிப்பெண்’ என்று ஒரு ஃபைல் இருக்கிறதே, இது எது?

நெம்மேலி பஸ் ஸ்டாப்பில் இறங்கி “கோயில் தெரு எங்கேங்க?” என்றால், எந்த ஊர்க் கோயில் தெரு என்று யாரும் கேட்பதில்லை. ப்ரோகிராமும் அப்படித்தான். ஒரு ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு வெறும் பெயரைச் சொல்கிறது. அது நின்ற இடத்தையும் சேர்த்துக் குறிக்காவிட்டால் அந்த வரியால் பயனில்லை.

இங்கேதான் பலருக்கும் ஒரு தவறான எண்ணம்: ஃபைலுக்குத் தன் முழு விலாசம் தெரியும் என்று. தெரியாது. இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் ஃபைலை ‘ஐநோடு’ என்ற எண்ணால்தான் அடையாளம் காண்கிறது. நிலத்துக்குச் சர்வே நம்பர் மாதிரி. நெம்மேலியின் 40 வேறு, பட்டிபுலம் என்ற இன்னோர் ஊரின் 40 வேறு. ஐநோடு எண்ணும் ஒரு டிஸ்க் பகுதிக்குள் மட்டுமே செல்லும். பெயர் ஃபைலுக்குள் இல்லை, அதை வைத்திருக்கும் ஃபோல்டரில் எழுதியிருக்கிறது. ஒரே மனைக்கு இரண்டு தெருவிலும் வாசல் இருப்பதுபோல், ஒரே ஃபைலுக்கு இரண்டு பெயர்கள் இருக்கலாம். இரண்டுமே சரிதான். திறந்திருக்கும்போதே பெயரை அழித்துவிட்டாலும், மூடும்வரை ஃபைல் பெயரில்லாமல் உயிரோடு இருக்கும்.

ஆக, ஃபைலின் விலாசமான முழுப் பாதை என்பது கேட்கும்போது கட்டப்படுவது. ஃபைலின் பெயரிலிருந்து ஃபோல்டர் ஃபோல்டராக மேலே ஏறி, உச்சிவரை போய்ச் சேர்த்துச் சொல்கிறது கெர்னல். எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு சாயங்காலம் விலாசம் தேடினால், இடையில் மேல் ஃபோல்டரின் பெயர் மாறியிருக்கலாம், காஞ்சிபுரம் செங்கல்பட்டானதுபோல. அதைவிட மோசம், ஃபைல் அழிந்து அதே எண் புது ஃபைலுக்குப் போயிருக்கலாம். அப்போது குற்றமற்ற ஃபைல் மேல் பழி விழும். அதனால் திறக்கும் நொடியிலேயே கேட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

லினக்ஸில் ‘ஃபானோட்டிஃபை’ என்ற வசதி, திறந்த ஃபைலின் பிடியையே நம் கையில் கொடுக்கிறது. ‘ப்ராக்’ ஃபோல்டரில் அந்தப் பிடியைப் பார்த்தால் அப்போதைய பாதை கிடைக்கும். எளிதாகப் பார்க்க ‘ஸ்ட்ரேஸ்’ கருவி போதும். சும்மா ஓட்டினால், திறந்த ஃபைலின் பிடியாக ‘3’ என்று மொட்டையாக ஓர் எண்தான் வரும். ‘ஒய்’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைக் கூடுதலாகக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள், அந்த 3-க்குப் பக்கத்திலேயே அடைப்புக்குள் முழுப் பாதையும் வந்து நிற்கும்.